லால்பஜாரும் வாய்தாவும்

1986 ஆகஸ்ட் 26 அன்று கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் டி.கே. பாசு, மேற்கு வங்கத்தில் ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்துவந்த ஓர் அமைப்பின் செயல் தலைவர். அந்த ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நாளிதழ்களில் அடுத்தடுத்து வந்த லாக்-அப் மரணச் செய்திகளைக் கத்தரித்து இணைத்து, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருந்தார். காவலில் ஒருவர் இறந்தால் யார் பொறுப்பு, அவர் குடும்பத்துக்கு என்ன ஈடு என்பதே அவர் கேள்வி. முத்திரைத்தாளோ மனுப் படிவமோ கிடையாது. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டது. ஒரு வழக்கு இதைவிட எளிமையாகத் தொடங்குவது அரிது. தீர்ப்பு வந்த நாள் 1996 டிசம்பர் 18.

பத்தாண்டு காத்திருந்து கிடைத்தவை பதினோரு கட்டளைகள். கைது செய்யும் காவலர் தன் பெயரும் பதவியும் தெரியும்படி அட்டை அணிய வேண்டும். கைது செய்த நேரத்தையும் தேதியையும் குறித்து மகஜர் எழுதி, குடும்பத்தினரோ தெருவாசி ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். உடலில் இருக்கும் காயங்களை அப்போதே பதிய வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரு பள்ளிச் சிறுவனுக்கும் புரியும் கட்டளைகள். ஆனாலும் லாக்-அப் சாவுகள் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதற்கான விடையும் கொல்கத்தாவிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். காவல் துறையைத் திருத்துவது ஒரு வேலை, சட்டத்தை எளிமையாக்குவது வேறொரு வேலை என்று இரண்டையும் தனித்தனிக் குழுக்களிடம் ஒப்படைத்தே நாம் பழகிவிட்டோம். இந்த நகரத்து வழக்குகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு இரண்டும் ஒன்றே என்று புரியும். தவறு செய்த காவலருக்கு அரணாக நிற்பவை தடியும் தொப்பியும் அல்ல, வாய்தாக்கள்.

சட்டத்தை எளிமையாக்கும் முயற்சி இந்தியாவில் தொடங்கிய ஊரும் இதுதான். 1834-இல் கொல்கத்தா வந்த மெக்காலே, முதல் சட்ட ஆணையத்தின் தலைவராக இருந்து 1837-இல் தண்டனைச் சட்ட வரைவை முடித்தார். அவருடைய கல்விக் கொள்கை மீது நமக்கிருக்கும் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த வரைவில் ஒரு நல்ல எண்ணம் இருந்தது. குடிமகன் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக பல பிரிவுகளுக்குக் கீழே சின்னச் சின்ன எடுத்துக்காட்டுகளைக் கொடுத்தார். 1860-இல் அது சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலை 1-இல் நாட்டின் முதல் உயர் நீதிமன்றமாகக் கல்கத்தா உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது.

இதன் நடுவே நம் ஊர்க் கதை ஒன்று நுழைகிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்து, ஒரு விசாரணை ஆணையம் அமைந்தது. 1855-இல் அது அளித்த அறிக்கையைப் படிப்பவர் கை நடுங்கும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிக்கும் 'கிட்டி' என்ற தமிழ்ச் சொல் அப்படியே ஆங்கில அறிக்கையில் ஏறியிருக்கிறது. இந்தக் கொடுமைகள் வெளியே வந்த காலத்தில்தான், காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது என்ற விதி 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது. 1872-இல் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் தொகுத்த சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆவது பிரிவாயிற்று. காவலரை நம்ப முடியாது என்று சட்டமே எழுதி வைத்தது. ஆனால் இரண்டு பிரிவு தள்ளி, 27-இல், ஒரு சந்தும் விட்டுவைத்தது. காவலில் இருப்பவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு அவர் சொன்னது செல்லும். இன்றும் நம் செய்தித்தாள்களில் 'குற்றவாளி கொடுத்த தகவலின் பேரில் கத்தி கைப்பற்றப்பட்டது' என்று வருவதெல்லாம் அந்தச் சந்தின் வழியாக வருவதுதான். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இரண்டும் ஒரே பிரிவுக்குள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன.

இனி லால்பஜார். கொல்கத்தா காவல் துறையின் தலைமையகம் அது. நகரத்தில் யாரும் 'தலைமையகம்' என்று சொல்வதில்லை, லால்பஜார் என்றாலே போதும். 1974 ஜூலை 18 அன்று அர்ச்சனா குஹா என்ற பள்ளித் தலைமையாசிரியை, தன் தம்பி மனைவியோடும் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண்ணோடும் அங்கே கொண்டுபோகப்பட்டார். தம்பி சௌமேன் நக்சல் இயக்கத்தில் இருந்தார், அவரைத் தேடி வந்தவர்கள் கிடைத்தவர்களைப் பிடித்தார்கள். அடுத்த சில நாட்களில் நடந்த சித்திரவதையால் அர்ச்சனாவின் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. வழக்கு எதுவும் நிரூபிக்கப்படாமலே சிறையில் கிடந்தார். 1977-இல் விடுதலையாகி அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே, தன்னைச் சித்திரவதை செய்ததாக ருணு குஹ நியோகி உள்ளிட்ட காவல் அதிகாரிகள் மீது வழக்குத் தொடுத்தார். 1980-இல் டென்மார்க் மருத்துவர்கள் அவரைக் கோபன்ஹேகனுக்கு அழைத்துப்போய்ச் சிகிச்சை தந்தார்கள். மீண்டும் நடக்க அங்கேதான் கற்றார்.

கோபன்ஹேகனில் அவர் எழுந்து நடந்துவிட்டார். கொல்கத்தாவில் வழக்கு எழுந்திருக்கவே இல்லை. கீழமை நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வந்தால் அதன் மேல் சீராய்வு, அது முடிவதற்குள் உயர் நீதிமன்றத்தில் தடை, தடை நீங்கினால் வேறொரு மனு. எதிரிகள் சட்டத்துக்குப் புறம்பாக எதையும் செய்யவில்லை. சட்டம் கொடுத்த படிகளில் ஒவ்வொன்றாக ஏறினார்கள், இறங்கினார்கள். நக்சல்பாரி காலத்து அத்துமீறல்களைக் கண்டித்து ஆட்சிக்கு வந்த இடதுசாரி அரசின் காலத்திலேயே குற்றம் சாட்டப்பட்ட அதிகாரி பதவி உயர்வும் பெற்றார். அக்காவுக்காகச் சட்டப் புத்தகங்களைப் படித்துத் தேறிய சௌமேன், நீதிமன்றத்தில் தானே நின்று வாதாடினார். 1996-இல், வழக்குப் போட்டு பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, குற்றம் நிரூபிக்கப்பட்டது. தண்டனை ஓராண்டுச் சிறை. சித்திரவதைக்கென்று தனிக் குற்றப்பிரிவு இந்தியச் சட்டத்தில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997 அக்டோபரில் இந்தியா கையெழுத்திட்டது, இதுவரை உறுதி செய்யவில்லை.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஓராண்டு. இந்தக் கணக்கை நான் பல வருடங்களாக மனதில் சுமந்து வருகிறேன். ஒரு தம்பி தன் வாழ்வின் பாதியைப் பணயம் வைக்கத் தயாராக இருந்ததால் இவ்வளவாவது நடந்தது. தம்பி இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குப் பதிவேதும் கிடையாது.

இன்னொரு வழக்கு, ரத்தம் சிந்தாதது. அதனாலேயே தெளிவானது. யாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா 2012 ஏப்ரலில் முதல்வர் மம்தா பானர்ஜி பற்றிய ஒரு கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் நண்பர்களுக்கு அனுப்பினார். கைது செய்யப்பட்டார். மாநில மனித உரிமை ஆணையம் அன்று ஓய்வுபெற்ற நீதிபதி அசோக் குமார் கங்குலியின் தலைமையில் இருந்தது. பேராசிரியருக்கும் அவரோடு கைதான முதிய பக்கத்து வீட்டுக்காரருக்கும் தலா 50,000 ரூபாய் ஈடு கொடுக்கவும், கைது செய்த அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை எடுக்கவும் சில மாதங்களிலேயே பரிந்துரைத்தது. அரசு மறுத்தது. பரிந்துரை என்றால் அவ்வளவுதானே! பேராசிரியர் உயர் நீதிமன்றம் போய் 2015-இல்தான் சாதகமான உத்தரவு பெற முடிந்தது. அதே 2015 மார்ச் 24-இல், அவர் மீது போடப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவையே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. செத்த சட்டத்தின் கீழ் இருந்த வழக்கு மட்டும் சாகவில்லை. அலிப்பூர் நீதிமன்றத்தில் அவர் விடுவிக்கப்பட்டது 2023 ஜனவரியில். கூடக் கைதான முதியவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இந்தப் பதினோரு ஆண்டில் காவலர்கள் அவரை அடிக்கவில்லை. வாய்தாவுக்கு வரச் சொன்னார்கள், அவ்வளவே. அதையே தண்டனை என்கிறேன். தவறாகக் கைது செய்தவருக்கு ஒரு நாள் வேலை, கைதானவருக்குப் பதினோரு ஆண்டு வேலை. சட்ட நடைமுறை இப்படி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது, காவலருக்கு மனித உரிமை வகுப்பு எடுப்பதால் என்ன ஆகிவிடும்?

2007-இல் ரிஸ்வானுர் ரஹ்மான் என்ற இளைஞரின் மரண விவகாரத்தில் நகரமே மெழுகுவர்த்தியோடு தெருவுக்கு வந்தபோது கொல்கத்தா காவல் ஆணையரே பதவியிலிருந்து மாற்றப்பட்டார். 2024-இல் ஆர்.ஜி. கர் மருத்துவமனை விவகாரத்திலும் ஆணையர் மாற்றப்பட்டார். இரண்டுமே மக்கள் கோபத்துக்குக் கிடைத்த வெற்றிகள். ஆனால் ஆணையரை மாற்றியதால் காவல் நிலையத்தின் நாட்குறிப்பு எழுதப்படும் விதம் மாறிவிடவில்லை. ஆர்.ஜி. கர் வழக்கின் கசப்பான பாடமே அந்த நாட்குறிப்பில்தான் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 9 காலை, பணியில் இருந்த பெண் மருத்துவரின் உடல் மருத்துவமனைக் கருத்தரங்கு அறையில் கிடைத்தது. முதல் தகவல் அறிக்கை பதியப்பட்டது அன்றிரவு 11.45-க்கு. ஏறக்குறைய பதினான்கு மணி நேரத் தாமதத்துக்கு உச்ச நீதிமன்றத்தில் விளக்கம் கேட்டபோது மாநில அரசு திணறியது. நான்காம் நாளே உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. குற்றவாளியான சஞ்சய் ராய் கொல்கத்தா காவல் துறையின் 'சிவிக் வாலண்டியர்'. முறையான தேர்வும் பயிற்சியும் இல்லாமல் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டு, போக்குவரத்தைச் சரிசெய்ய வந்து, மெல்ல மெல்லக் காவலர் போலவே உலவத் தொடங்கிய ஒரு படையைச் சேர்ந்தவர். இவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. 2025 ஜனவரி 20 அன்று சியால்தா நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பிலேயே, டாலா காவல் நிலையத்தில் நாட்குறிப்புப் பதிவுகள் கையாளப்பட்ட விதத்தை நீதிபதி கண்டித்திருக்கிறார். அந்த நிலையப் பொறுப்பதிகாரியை சி.பி.ஐ. கைது செய்திருந்தது. உரிய 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாததால் அவர் டிசம்பரில் ஜாமீனில் வந்தார். ஜாமீன் அவர் உரிமை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு காவல் நிலையத்தின் தவறை விசாரிக்கப் போன அமைப்பு, தானே கெடுவைத் தவறவிட்டதை எப்படி மறக்க முடியும்?

இதற்கெல்லாம் மருந்து எழுதப்படாமல் இல்லை. தரம் வீரா தலைமையிலான தேசிய போலீஸ் ஆணையம் 1979 முதல் 1981 வரை எட்டு அறிக்கைகள் தந்தது. முன்னாள் காவல் தலைமை இயக்குநர் பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் 2006 செப்டம்பர் 22-இல் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. அவற்றில் இரண்டு இங்கே முக்கியம்: குற்றப் புலனாய்வை சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிப்பது, காவலர்கள் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் ஆணையங்கள் அமைப்பது. எந்த மாநிலமும் ஏழு கட்டளைகளையும் முழுமையாக நிறைவேற்றவில்லை. தமிழ்நாடு 2013-இல் சட்டமே இயற்றியது. ஆனால் மாநிலப் புகார் ஆணையத்தின் தலைமையில் உள்துறைச் செயலாளரை உட்கார வைத்தது, காவல் தலைமை இயக்குநரை உறுப்பினராக்கியது. மாமியாரைப் பற்றிய புகாரை மாமியாரிடமே கொடுக்கச் சொன்ன கதை. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். வங்கத்தைக் குறை சொல்லிவிட்டு நம் வீட்டை விட்டுவிட முடியாது.

வட அயர்லாந்தில் 2000-இல் இருந்து காவல் துறைக்கென ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கிறார். பல பத்தாண்டு ரத்தக்களரிக்குப் பிறகு, காவல் துறையை ஒரு சமூகம் முழுவதும் நம்ப மறுத்த இடத்தில் உருவான பதவி அது. காவலரின் செயலால் ஒருவர் இறந்ததாகத் தோன்றினாலே காவல் தலைவர் அந்த விஷயத்தை அவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். தடயம் சேகரிப்பது அவருடைய சொந்தப் புலனாய்வாளர்கள். நமக்கு வேண்டியது இந்தப் பதவியின் பெயரல்ல, அந்தக் கடைசி அம்சம். விசாரிக்கும் ஆள் வேறு துறையின் ஆளாக இருக்க வேண்டும்.

கண்காணிப்பு கேமராக்களைப் பலர் பெரிய தீர்வாக நினைக்கிறார்கள். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பல மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்கு ஆறு மாதம் முன்புதான் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அந்த நிலையத்தில் கேமரா இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது என்ன? தினமும் பதிவு தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. கேமரா காவலரின் கையில் இருக்கும்வரை அது இன்னொரு நாட்குறிப்புதான். அங்கே உண்மையைச் சொன்னது கேமரா அல்ல, ரேவதி என்ற தலைமைக் காவலர். தன் சக காவலர்கள் சூழ்ந்திருக்க, இரவில் நடந்ததை அவர் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். ஒழுங்கான காவலர்கள் எல்லா நிலையங்களிலும் இருக்கிறார்கள். ஓய்வில்லாத வேலை, மேலிருந்து வரும் தொலைபேசி, இரண்டுக்கும் நடுவே நசுங்குகிறவர்கள் அவர்கள். விதி எளிமையாக, விலக்கில்லாமல் இருந்தால் முதலில் பிழைப்பவர்களும் அவர்களே. 'சட்டம் இப்படிச் சொல்கிறது ஐயா, என்னால் முடியாது' என்று அவர்களால் மேலதிகாரியிடம் சொல்ல முடியும்.

புதிய குற்றவியல் சட்டங்கள் எளிமையைத் தந்தனவா? தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358 ஆயின, நடைமுறைச் சட்டத்தின் 484 பிரிவுகளோ 531 ஆகிவிட்டன. எண்ணிக்கையை விட்டுவிடுவோம். எந்த நிலையத்திலும் புகார் பதியலாம் என்பதும், சோதனையைப் படம்பிடிக்க வேண்டும் என்பதும், அரசு அதிகாரி மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டால் 120 நாளில் பதில் வராவிட்டால் அனுமதித்ததாகக் கொள்ளலாம் என்பதும் உண்மையான முன்னேற்றங்கள். அர்ச்சனா குஹா காலத்தில் இருந்திருந்தால் உதவியிருக்கும். ஆனால் பதினைந்து நாள் போலீஸ் காவலை முதல் நாற்பது அல்லது அறுபது நாளுக்குள் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம் என்பது ஆபத்து. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவு வரை தண்டனைக்குரிய குற்றங்களில், புகாரைப் பதிவதற்கு முன் பதினான்கு நாள் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்பதும் அப்படியே. புகார் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் அரசியல் சாசன அமர்வு அரும்பாடுபட்டு மூடிய கதவை இது பாதி திறந்துவிட்டது. நம்மூரில் மனு ரசீதைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கட்டப் பஞ்சாயத்து பேசுவதற்கு அந்தப் பதினான்கு நாள் போதாதா?

மொழியைப் பற்றிப் பேசாமல் எளிமையைப் பற்றிப் பேச முடியாது. கொல்கத்தாவின் பாங்க்ஷால் நீதிமன்ற வாசலில் தட்டச்சுக்காரர்களும் முத்திரைத்தாள் விற்பவர்களும் முஹுரிகளும் நிறைந்திருப்பார்கள். முஹுரி என்பவர் நம் ஊர் வக்கீல் குமாஸ்தா. தன் வழக்கு எங்கே நிற்கிறது என்று ஒரு தாய் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், உத்தரவு ஆங்கிலத்தில் இருப்பதால். உயர் நீதிமன்றத்தில் வங்காளத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று மேற்கு வங்கமும், தமிழைப் பயன்படுத்த வேண்டும் என்று தமிழ்நாடும் கேட்டன. 2012-இல் இரண்டையும் வேறு சில மொழிகளோடு சேர்த்து உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. உத்தரப் பிரதேசம், பிகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு முன்பே இடம் உண்டு. புதிய சட்டங்களின் பெயர்களே நம்மில் பலருக்கு வாயில் நுழையவில்லை. 1775-இல் மகாராஜா நந்தகுமாரைக் கல்கத்தாவில் தூக்கிலிட்டபோது, அவருக்கும் அவர் நாட்டாருக்கும் அந்நியமான ஆங்கிலேயச் சட்டம் அவர் கழுத்தில் விழுந்தது. 250 ஆண்டு கழித்தும், தன்னை விடுவிக்கும் உத்தரவைக்கூட இன்னொருவர் படித்துச் சொல்லித்தான் ஒருவர் அறிய வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் பார்த்த பிறகு, முதலில் எதைச் செய்யலாம் என்று என்னைக் கேட்டால், ஒரே ஒரு பிரிவைச் சொல்வேன். 1985-இல் சட்ட ஆணையம் தன் 113-ஆவது அறிக்கையில் சாட்சியச் சட்டத்தில் 114-பி என்று ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னது. காவலில் இருந்தபோது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால், அவரைக் காவலில் வைத்திருந்த அதிகாரியே அதை ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். இல்லை என்று நிரூபிப்பது அந்த அதிகாரியின் பொறுப்பு. லாக்-அப்புக்குள் நடந்ததற்கு அதன் பொறுப்பில் இருந்தவர்தானே விளக்கம் சொல்ல முடியும் என்ற எளிய நியாயம் அது. டி.கே. பாசு தீர்ப்பு இதை நினைவூட்டியது, 2017-இல் சட்ட ஆணையம் மறுபடி எழுதியது. சாட்சியச் சட்டத்தையே 2023-இல் கலைத்துப் புதிதாக எழுதியபோதும் அது சேர்க்கப்படவில்லை. இந்த ஒரு பிரிவு இருந்திருந்தால் அர்ச்சனா குஹாவின் வழக்கில் பத்தொன்பது ஆண்டு மனுக்களில் பெரும்பகுதிக்கு வேலையே இருந்திருக்காது.

மத்திய அரசு செய்யட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. குற்றவியல் சட்டமும் நடைமுறையும் சாட்சியமும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலங்கள் திருத்தம் கொண்டுவரலாம். ஆர்.ஜி. கர் கொடுமைக்குப் பிறகு மேற்கு வங்கச் சட்டமன்றம் அந்த வழியில்தான் போனது. 2024 செப்டம்பர் 3 அன்று, பாலியல் வன்கொடுமைக் குற்றங்களுக்கு மரண தண்டனை வரை கடுமையாக்கும் 'அபராஜிதா' மசோதாவைத் தாக்கல் செய்த அன்றே, ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து நிறைவேற்றின. 114-பி பிரிவு ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதன் வாசகம் 1985-இலிருந்து எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.